பத்து வருட ஆயுளுக்கு ஒரு கையெழுத்து

ஆயுளுக்கு விலை கிடையாது என்பவர்கள் ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் வந்ததில்லை. அங்கே ஏறக்குறைய ஆறு வருட ஆயுள் ஒரே ஒரு கையெழுத்துக்குக் கிடைத்தது.

கையெழுத்துக்காரர் விருதுநகர் உமாசங்கர். மின்சாரக் கார்களுக்கு அதிவேக சார்ஜர் செய்யும் கம்பெனியில் ஆயுள் கணிப்புப் பொறியாளர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம். கார் வந்து சொருகினால் சார்ஜருக்குள்ளிருக்கும் சில்லுகள் சூடாகும், கார் போனால் ஆறும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அவற்றைப் பிடித்திருக்கும் ஈயம் ஒருநாள் விட்டுப்போகும். அந்த ஒருநாள் எது என்று மூன்று மாதம் கணக்குப் போட்டு, "நான்கு வருடம் இரண்டு மாதம்" என்று எழுதிக்கொண்டு மேலாளர் ஜகதீசனிடம் போனார்.

ஜகதீசனுடையது செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்த குடும்பம். முதல் விலையைக் கேட்டதும் எழுந்து போகத் தெரியாதவர்கள் அந்த வம்சத்தில் பிறப்பதில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நாலு நக்கோ தம்பி, வேணாம். டெண்டர்ல பத்து கேக்கறான்."

"மே மாசம் வெளியில நாற்பத்து மூணு டிகிரி சார்."

"இந்த ரூம்ல எவ்வளவு?"

"இருபத்து நாலு."

"அதைப் போடுங்க."

ஏசி அறையின் குளிர் ஹைதராபாத் முழுக்க வீசியதும் ஆயுள் ஏழானது. நாளைக்கு முப்பது கார் என்றிருந்ததை இருபதாக்கி, ஞாயிற்றுக்கிழமை சார்ஜருக்கும் விடுமுறை விட்டதில் ஒன்பதரை. மீதி அரையை ஜகதீசன் கொசுறாக வாங்கிக்கொண்டார். இயற்பியல் இவ்வளவு பணிவாக எங்கும் நடந்துகொண்டதில்லை. நிரந்தர உத்தரவு மேஜையில் காத்திருக்க, உமாசங்கர் கையெழுத்திட்டார். முதல் கணக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சார்ஜர்களை ஊரெங்கும் நிறுவி நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆனதும், மௌலா அலி வட்டாரத்தில் ஆரம்பித்து அவை தேதி தவறாமல் கண்மூடின. விசாரணைக் குழு கூடியது. தலைவர், பதவி உயர்ந்த ஜகதீசன். உமாசங்கர் பழைய தாளை நீட்டினார்.

"அப்பவே சரியாச் சொன்னேன் சார்."

ஜகதீசன் வாசித்து நெகிழ்ந்துபோனார். "பிரமாதமான கணக்கு தம்பி. அப்போ தெரிஞ்சேதான் பத்துன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

மறுநாள் வந்த குற்றப் பத்திரிகை சுருக்கமாக இருந்தது:

சொன்ன ஆயுள் பத்து வருடம். வாழ்ந்தது நான்கு வருடம் இரண்டு மாதம். குறைவு ஐந்து வருடம் பத்து மாதம், கொசுறு உட்பட. பொறுப்பு: திரு. உமாசங்கர்.