துண்டு காயும் லாட்ஜ்

செலவே செய்யாதவனால் ஒருநாளும் சேமிக்க முடியாது என்னும் பேருண்மையை மனித குலத்துக்கு முதன்முதலில் நிரூபித்துக் காட்டிய பெருமை குற்றாலத்தைச் சேரும். மெயின் அருவிக்குப் போகிற வழியில் லாட்ஜ் நடத்திய நாறும்பூநாதனே அந்த உண்மைக்குத் தன் கட்டடத்தைக் காணிக்கையாகக் கொடுத்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த இந்தத் தியாகத்துக்கு இதுவரை யாரும் ஒரு மாலைகூடப் போடவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

லாட்ஜின் பலகையில் 'சண்முக விலாஸ்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் குதிரை வண்டிக்காரன் முழிப்பான். 'துண்டு காயுற லாட்ஜ்' என்றால் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவான். குற்றால சீசன் என்பது சாரலும் ஈரமுமாகக் கிடக்கும் காலம். ஆட்கள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக்கு மூன்று தடவை அருவியில் போய் நிற்பார்கள். ஊரில் எந்த லாட்ஜில் துண்டைப் போட்டாலும் மறுநாள் எடுக்கும்போது போட்டதைவிடக் கூடுதல் ஈரமாக இருக்கும். இந்த ஒரு லாட்ஜில்தான் ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவே துண்டு காய்ந்து மொடமொடவென்று கைக்கு வரும்.

காரணம், நாறும்பூநாதனின் அப்பா கட்டின நடை. மேற்கே மலையைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், கிழக்கே தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், நடுவில் வளைவே இல்லாத நீளமான நடை, அதற்கு இரண்டு பக்கமும் அறைகள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஒரு ஜன்னலில் புகுந்து மறு ஜன்னலில் போய்விடும். நடை முழுக்கக் கொடி கட்டியிருக்கும். மின்விசிறி கிடையாது, போர்வைதான் கேட்பார்கள். பகலில் விளக்கும் கிடையாது, கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்தது. மனுஷன் கஞ்சத்தனத்தில் கட்டினாரா புத்தியில் கட்டினாரா என்று தெரியாது. கட்டடத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

மகனுக்குத் 'துண்டு காயுற லாட்ஜ்' என்கிற பெயரைக் கேட்டாலே உடம்பு கூசும். எதிர்ச்சாரியில் லாட்ஜ் வைத்திருந்த கிதிர் முகம்மதிடம், "ஊரெல்லாம் ராயல், இம்பீரியல்னு பேரு சொல்லுதான். எனக்கு மட்டும் துண்டா வே?" என்று புலம்புவார். கிதிர் முகம்மதுவின் லாட்ஜும் அதே மாதிரி ஜன்னல்களோடு, ஆனால் நீளம் குறைந்த நடையோடு இருந்தது. தன் லாட்ஜில் துண்டு அரைகுறையாகத்தான் காய்கிறது என்கிற குறை அவருக்கு. இதை நாறும்பூநாதன் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கவலையும் இருந்தது, அதுதான் பெரிய கவலை. சீசனில் வருகிற குடும்பங்கள் கொடுப்பதை வைத்துத்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும். கோவில்பட்டி தீப்பெட்டி முதலாளி ரத்தினம் மாதிரியான பழைய ஆட்கள் வருஷம் தவறாமல் வந்ததால் அடுப்பு எரிந்தது. மற்ற மாதங்களில் லாட்ஜில் குரங்கு தவிர வேறு ஜீவன் தங்காது.

அப்போதுதான் சென்னையிலிருந்து 'எரிசக்திச் சிக்கனச் செயலாக்க மைய'த்தின் அதிகாரி விஸ்வேஸ்வரன் ஜீப்பில் வந்து இறங்கினார். பூர்வீகம் தென்காசிதான் என்றாலும் ஊரை மறந்து நெடுநாளாகியிருந்தது. இன்றைய உலகம் 'நிலைத்த வளர்ச்சி' என்று எதையெதையோ பேசுகிறதே, அதையெல்லாம் அன்றைக்கே கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்த தீர்க்கதரிசி அவர். வணிகக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற ஒன்றை மாவட்டத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து 'முன்மாதிரிக் கட்டடம்' என்று பித்தளைத் தகடு பதிப்பார்கள். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் வருஷம் முழுக்க சிக்கனமான கட்டடத்தில்தான் தங்க வேண்டும் என்றும் உத்தரவு வரப்போகிறது என்றார். நாறும்பூநாதனுக்குக் காது இரண்டும் குளிர்ந்துவிட்டது. ஐப்பசியிலும் பங்குனியிலும் அறைகள் நிறையும். துண்டு போய் முன்மாதிரி வரும்.

விஸ்வேஸ்வரன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். இந்தக் கட்டடத்துல சேமிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"அதான் சார் நாங்க செலவே பண்ணுததில்லையே" என்றார் நாறும்பூநாதன் பெருமையாக.

"அதுதான் சிக்கல். போன வருஷத்தைவிட இந்த வருஷம் மூணுல ஒரு பங்கு குறைச்சுக் காட்டணும். விதி அது. உங்களுக்குக் குறைக்க இடமே இல்லை. நீங்க சேமிப்புக்கு இன்னும் தகுதி பெறலை."

எவ்வளவு நுட்பமான விதி பாருங்கள். குண்டாக இல்லாதவனுக்கு எடை குறைத்ததற்கான பரிசை எப்படித் தருவது? நாறும்பூநாதன் இதைப் புரிந்துகொண்டார், அன்றிரவே மனைவி குழல்வாய்மொழிக்கும் புரியவைத்தார். அவளுக்கு அதிகம் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. திருநெல்வேலியில் தங்கை வீட்டில் ஏ.சி. பெட்டி வந்ததிலிருந்து அவள் மனசும் அங்கேயேதான் இருந்தது. முதலில் ஒரு வருஷம் தாராளமாகச் செலவழித்துத் 'தகுதி' பெறுவது, அடுத்த வருஷம் அதைக் குறைத்துத் தகடு பெறுவது என்று முடிவாயிற்று.

அந்த சீசன் முடிந்த கையோடு வேலை தொடங்கியது. ஏ.சி. பெட்டிகள் வந்தன. குளிர் வெளியே போகாமலிருக்க மேற்கு ஜன்னலையும் கிழக்கு ஜன்னலையும் பலகை அடித்து அடைத்தார்கள். அழகுக்காகக் கூரைக்குக் கீழே பொய்க்கூரை போட்டார்கள், கண்ணாடி ஓடு மறைந்தது. பகலில் இருட்டாயிற்று. இருட்டாகிவிட்டதால் டியூப் லைட் போட்டார்கள். டியூப் லைட்டும் போட்டு ஜன்னலையும் அடைத்ததால் புழுங்கியது, மின்விசிறி மாட்டினார்கள். அருவியில் குளிக்கிறதற்கென்றே வருகிற ஊரில் அறைக்கு அறை வெந்நீர்ப் பெட்டியும் வைத்தார்கள். ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தேவையாக்கியபடி வந்து சேர்ந்த ஒழுங்கைப் பார்த்து விஸ்வேஸ்வரனே வியந்து கடிதம் எழுதினார்.

அந்த மார்கழியில் ஆளில்லாத அறைகளில் ஏ.சி. ஓடியது. வெளியே சும்மா கிடைக்கிற குளிரை வெளியிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே விலைக்கு வாங்கின குளிரில் குழல்வாய்மொழி கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுப்பகலில் எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்துவிட்டு கிதிர் முகம்மது ஓடிவந்து, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார். இல்லை, சேமிப்புக்குத் தயாராகிறோம் என்று நாறும்பூநாதன் விளக்கினார். கிதிர் முகம்மது அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தைலம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் சேமிப்பு பிறந்தது. ஏ.சி.யை நிறுத்தினார்கள். மூன்று விளக்குக்கு ஒன்றைக் கழற்றினார்கள். வெந்நீர்ப் பெட்டியைப் பூட்டினார்கள். ஆனால் ஜன்னலைத் திறக்கவில்லை. திறந்தால் ஏ.சி. அறை என்கிற தகுதி போய்விடும், தகுதி போனால் சேமிப்பும் செல்லாது என்று விஸ்வேஸ்வரன் எச்சரித்திருந்தார். ஆகக் கட்டடத்தில் குளிரும் இல்லை, காற்றும் இல்லை, வெளிச்சமும் அரைகுறைதான். சேமிப்பு மட்டும் நிறைந்திருந்தது.

ஆனியில் சாரல் விழுந்தது. ரத்தினம் வழக்கம்போலக் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். முதல் குளியல் முடிந்து துண்டுகள் கொடிக்குப் போயின. மறுநாள் காலையில் அவை அப்படியே சொட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் நடையில் ஒரு வாடை எழுந்தது. நல்லெண்ணெயும் ஈரமும் ஒன்றாகப் புழுங்கினால் வரும் வாடை அது, அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நாறும்பூநாதன் பதறிப்போய் விஸ்வேஸ்வரனுக்கு டிரங்க் கால் போட்டார். துண்டு உலர்த்துகிற மின்சார அலமாரி ஒன்று இருக்கிறது, ஆனால் அதை இந்த வருஷம் போட்டால் சேமிப்பு குறையும், அடுத்த வருஷத் 'தகுதி'க்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை வந்தது.

ரத்தினம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஈரத்துண்டுகளை மூட்டையாகக் கட்டி வேனில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து நாறும்பூநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க அப்பா ஒரு காத்தப் பிடிச்சு இந்த வீட்டுக்குள்ள நடக்க விட்டிருந்தாரு. நீரு அத வாசல்லயே நிறுத்திட்டீரு. எதுத்த வீட்டுல அரைகுறையாவாது காயுதாம். தப்பா நெனக்காதீரும்."

வேன் தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் போய் நின்றது. அதன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். நாறும்பூநாதன் வாசலில் நின்று போகிற பெட்டிகளை எண்ணினார். சீசனே போகிறது, இனி வருஷத்துக்குச் சோறு எங்கிருந்து வரும்? அதிகாரிகள் வருவார்கள், வருஷம் முழுக்க வருவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தகடு பதிக்கும் விழா சிறப்பாக நடந்தது. காலியான அறைகளே மிகச் சிக்கனமான அறைகள் என்பதை விஸ்வேஸ்வரன் தன் உரையில் உருக்கமாகச் சுட்டிக்காட்டினார். வந்திருந்த அதிகாரிகள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார்கள். விழா முடிந்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எதிர்ச்சாரிக்குப் போவதைப் பார்த்து நாறும்பூநாதன் பின்னாலேயே ஓடினார்.

"சார், அறையெல்லாம் இங்கனதான் போட்டு வச்சிருக்கேன்."

"உத்தரவு அப்படி" என்றார் விஸ்வேஸ்வரன். "சுற்றுப்பயண அதிகாரிகள் இருக்கிறதிலேயே குறைவா மின்சாரம் செலவாகிற இடத்துல தங்கணும். இந்தத் தெருவுல அது முகம்மது லாட்ஜ்தான்."

"அப்பம் தகட்டை அவருக்கே குடுத்திருக்கலாமே."

"அவர் என்ன சேமிச்சார்? ஒண்ணும் சேமிக்கலையே" என்றார் விஸ்வேஸ்வரன். அவர் குரலில் ஒரு பரிதாபம் இருந்தது. கிதிர் முகம்மதுவின் எதிர்காலத்தைப் பற்றிய பரிதாபம் அது.

மறுநாள் காலையில் நாறும்பூநாதன் கடப்பாரையை எடுத்தார். குழல்வாய்மொழி தடுக்கவில்லை. "ஒழிஞ்சது சனியன். அந்த மேற்குப் பலகைய நல்லா நெம்புங்க, கேட்டியளா" என்றபடி இன்னொரு பக்கம் பிடித்தாள். பலகை பெயர்ந்ததும் கணவாய்க் காற்று கோபத்தோடு உள்ளே வந்து பொய்க்கூரையில் பாதியைத் தானே இறக்கிவைத்தது. கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழுந்தது. ஏ.சி. பெட்டிகளைக் கழற்றிப் போட்டார்கள். பழைய கொடிக்கயிறு மக்கிப்போயிருந்ததால், ஏ.சி.க்கு ஓடிய கம்பியையே உருவி, மேற்கு ஜன்னலுக்கும் கிழக்கு ஜன்னலுக்கும் இழுத்துக் கட்டினார்கள். சாயங்காலம் கிதிர் முகம்மதே ரத்தினத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, "பிடியும் உம்ம ஆள. என் வீட்டுல அரைத் துண்டுதான் காயுது, மீதி அரைக்கு எனக்கு வசவு விழுது" என்று ஒப்படைத்தார். ஆடி பிறப்பதற்குள் லாட்ஜ் நிறைந்தது. துண்டு காய்ந்தது. மீட்டர் பழையபடி தூங்கியது.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் மையத்தின் விழிப்புணர்வை நாம் குறைத்து மதிப்பிட்டவர்களாவோம். ஆடி முடிவதற்குள் இரண்டு ஜீப் வந்து நின்றது. பறக்கும் படை. முன்னால் விஸ்வேஸ்வரன், மன வருத்தத்தோடு.

"போன மாசம் ஓடினதுல பத்துல ஒரு பங்குகூட இந்த மாசம் ஓடலை. லாட்ஜ் நிறைய ஆள் இருக்கு. எந்தத் தொழில்நுட்பத்தாலும் இவ்வளவு சேமிக்க முடியாதுன்னு எங்க மையமே உறுதி சொல்லியிருக்கு. அப்போ நீங்க மீட்டருக்கு வெளியே எங்கேயிருந்தோ மின்சாரம் எடுக்கிறீங்க. எங்கேயிருந்து?"

நாறும்பூநாதன் பதில் சொல்லுமுன்பே ஒருவர் அந்தக் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஜன்னல் வழியாக வெளியே போகிற நீளமான கம்பி. அதன்மேல் மறைப்பதற்காகவே போட்டதுபோல வரிசையாகத் துண்டுகள். தடயம் கைப்பற்றப்பட்டது. ரத்தினம் குடும்பத்துத் துண்டுகள் தரையில் விழுந்தன. விசாரணை முடியும்வரை லாட்ஜைப் பூட்டி முத்திரை வைக்க உத்தரவாயிற்று. ஆட்கள் மூட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கிதிர் முகம்மது வாசலில் நின்று, இது துணி காயப்போடுகிற கொடி என்று குர்ஆன் மேல் சத்தியம் பண்ணத் தயார் என்றார். துணிக்கு எதற்குத் தாமிரக் கம்பி என்று அவரையும் சாட்சிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

விஸ்வேஸ்வரன் நடையில் மேஜை போட்டு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். காற்றில் தாள்கள் நிற்கவில்லை. சுவரிலிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றித் தாளின்மேல் பாரமாக வைத்தார்கள். பதித்த நாளிலிருந்து அந்தத் தகடு செய்த முதல் வேலை அதுதான்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்தக் கம்பியில என்ன வருது?"

"காத்து" என்றார் நாறும்பூநாதன். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியமா காத்துதான் சார்."

விஸ்வேஸ்வரன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"யார்கிட்டயும் வாங்கல."

"எத்தனை வருஷமா நடக்குது இது?"

"எங்க அப்பா காலத்துலருந்து."

விஸ்வேஸ்வரன் பேனாவை நிறுத்தினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, மலைக்காற்றை நெஞ்சு நிறைய ஒரு தடவை வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து, குற்றத்தின் தன்மை என்ற இடத்தில் 'பரம்பரைத் திருட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.