சீனியரின் ஆறு எலும்புக்கூடுகள்

“யாரையும் உள்ளே விடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல சார்? அதான் உங்களையும் விடலை.”

சீனியருக்குக் குப்பென்று வியர்த்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவர். பிரிவுத் தலைவர் நாற்காலி ஒரு மாதமாகக் காலி. இந்த நேரம் பார்த்து மேனேஜர், சனிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் மீட்டிங் ரூமில் உட்காரவைத்து, தான் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மாயாஜால விளையாட்டு ஒன்றை ஆரம்பித்திருந்தார். “தலைவர் யாருன்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணப்போறேன்” என்று வேறு சொல்லிவிட்டார்.

விடுவாரா சீனியர்? மந்திரவாதி வேஷத்தைத் தாவிப் பிடித்துக்கொண்டார். மந்திரம் போட்டு ஆறு எலும்புக்கூடுகளை எழுப்பி வேலை வாங்கலாமே! நிர்வாகத் திறமையைக் காட்ட வேறென்ன வேண்டும்? டைப்பிஸ்ட் வாள்வீரன், டிரைவர் திருடன். எலும்புக்கூடுகளாக ஆட ஆளில்லாமல், ஆபீஸுக்கே அக்காவான ஃபைல் ரூம் அக்காவைக் கூட்டி வந்தார்கள்.

“எலும்புக்கூடு யோசிக்குமா சார்?” என்று கேட்டார் அக்கா.

“சுத்தமா யோசிக்காது. எழுப்பினவர் சொன்னதை அப்படியே செய்யும். அடுத்து ஏதாவது சொல்ற வரைக்கும் அதையே செஞ்சிட்டிருக்கும்” என்றார் மேனேஜர்.

“இவ்வளவுதானா?” அக்கா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

அந்த ஆறும் இப்போது புதையல் குகை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எஜமானர் வெளியே. அவருக்குப் பின்னால் ஒரு ராட்சசன் ஆடி அசைந்து வருகிறான்.

“சரி சரி, வழி விடுங்க! பின்னாடி போங்க!”

“போறோம் சார்” என்றார் அக்கா.

சீனியர் உள்ளே நுழைந்து மூச்சு வாங்கினார்.

“இன்னும் போறோம் சார். புதையல் பெட்டி இடிக்குது. அதையும் தள்ளிக்கிட்டே போறோம்.”

“ஐயையோ, நில்லுங்க!”

மேனேஜர் பகடையை உருட்டினார். “லேட். பெட்டி பாழுங்கிணத்துல விழுந்தாச்சு. கூடவே ரெண்டு எலும்புக்கூடும்.”

அதற்குள் ராட்சசனும் வந்து சேர்ந்தான். மிச்சமிருந்த நாலும் மரம் மாதிரி நின்றன.

“சும்மா நின்னா எப்படி? அடிங்க!”

“யாரை சார்?”

“பக்கத்துல நிக்கறவனை!”

பக்கத்தில் நின்றது டைப்பிஸ்ட்டின் வாள்வீரன்.

“சார், உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?” என்று டைப்பிஸ்ட் அலறினாள். டிரைவர் சிரித்த சிரிப்பில் சட்டையெல்லாம் டீ கொட்டியது.

“அவனை விடுங்க! அந்த ராட்சசனைப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் பிடியை விடாதீங்க!”

“பிடிச்சாச்சு சார்.”

ராட்சசன் திமிறிப் பார்த்தான், முடியவில்லை. அப்பாடா! சீனியர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ராட்சசனைக் கொல்வதா, கயிறு கட்டிப் பெட்டியை எடுக்கவைப்பதா என்று டைப்பிஸ்ட்டோடு ஒரு பாட்டம் சண்டை போட்டார்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். “பேசிப் பேசியே குகையில பொழுது விடிஞ்சிடுச்சு. மந்திரம் ஒரு நாளைக்குத்தான் தாங்கும்னு முதல்லயே சொன்னேனே. திரும்ப ஓதினீங்களா?”

“இல்லையே... ஓதலைன்னா என்ன சார் ஆகும்?”

“அதுங்களுக்கு எஜமான் கிடையாது. கண்ணுல பட்ட உயிரையெல்லாம் கொன்னு போடும்.”

“முதல்ல நீங்கதான் சார் கண்ணுல படறீங்க” என்றார் அக்கா, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

மந்திரவாதி காலி. வாள்வீரன் காலி. ஓடப் பார்த்த திருடனும் காலி.

சீனியருக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலி நமக்குத்தான் என்று காலையில்தான் வீட்டில் பெருமையடித்துவிட்டு வந்திருந்தார். எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

“சார், ஏதோ பதட்டத்துல உளறிட்டேன்” என்று மேனேஜரிடம் கெஞ்சினார். “எப்படி உத்தரவு போடணும்னு சீக்கிரமே கத்துக்கறேன் சார். அந்தத் தலைவர் போஸ்ட் மட்டும்...”

மேனேஜர் பகடைகளை டப்பாவில் போட்டு மூடினார்.

“உத்தரவு போடத்தான் நான் இருக்கேனே சீனியர், நான் தேடினது எலும்புக்கூட்டை. அக்கா, திங்கக்கிழமையிலேருந்து அந்த நாற்காலி உங்களுது!”