கார்குழலி சாயத்தை நிறுத்தினாள்

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகம் இருந்ததால் வரிசையும் இருந்தது. குளத்தில் எந்த மிருகம் எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று சீட்டுக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. அங்கே மூன்றாம் கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாகச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள் கார்குழலி என்ற கரடி.

பெயருக்கேற்ற கறுப்பு முடி. ஆனால் கடைசி எட்டு வருடமாக அந்தக் கறுப்பு பாக்கெட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு உடம்பு முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு, காயும்வரை பாறை மறைவில் கையையும் காலையும் அகட்டி நிற்பாள். மனிதர்களுக்குத் தலை மட்டும்தான். கரடிக்கு எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு கோடையில் சாயம் ஒத்துக்கொள்ளாமல் கண் இரண்டும் வீங்கிவிட்டன. இனி இதைத் தொடவே கூடாது என்றார் வைத்தியர். கார்குழலிக்கு உள்ளூர நிம்மதிதான். நிறுத்திவிட்டாள். இரண்டு மாதத்தில் தலையிலிருந்து தோள்வரை வெள்ளி ஏறியது.

தொல்லையும் கூடவே ஏறியது. அவளிடம் இருந்த சேலை எல்லாம் சந்தனக் கலர், சாம்பல் கலர். கறுப்பு முடிக்கு எடுப்பாக இருந்தவை, இப்போது அவளைப் புகைமூட்டம் போலக் காட்டின. சீட்டு வாங்க வந்த மான் உடம்புக்கு என்ன என்று விசாரித்தது. எப்போதும் சண்டை போடும் முள்ளம்பன்றிகூட, பாவம் என்று தகராறு செய்யாமல் போனது. அதுதான் அவளை ரொம்பவும் வருத்தியது.

அதைவிடப் பெரிய சங்கடம், வாசலில் வைத்திருந்த முகம் பார்க்கும் எந்திரம். அதன் முன்னால் நின்றால்தான் வருகை பதிவாகும். அது கறுப்புக் கரடியைத்தான் அறியும். வெள்ளிக் கரடியைப் பார்த்து, "முகம் பொருந்தவில்லை" என்று தினமும் சொன்னது. தொடர்ந்து பதினைந்து நாள் வராதவர்களின் பெயரை நீக்கிவிடுவது அலுவலக விதி.

நாலாம் நாள் அவள் கண்காணிப்பாளர் பூதலிங்கத்திடம் போனாள். பூதலிங்கம் ஒரு காட்டுப்பன்றி. கோப்பிலிருந்து மூக்கை எடுக்காதவர். தான் தினமும் வந்து வேலை பார்ப்பதையும், எந்திரம்தான் பதிய மறுப்பதையும் அவள் சொன்னாள்.

"எந்திரம் வரலைன்னு சொன்னா வரலைதாம்மா" என்றார் அவர், கோப்பைப் பார்த்தபடியே.

நிறமாற்ற விண்ணப்பம் ஒன்று இருக்கிறது, அதை எழுதிக் கொடு என்றார். அதில் நரைத்ததற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கார்குழலி 'வயது' என்று எழுதினாள். அதற்கு ஆதாரம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறந்த குகையின் சான்று வைத்து மறுபடி கொடுத்தாள். மேலதிகாரி கையெழுத்து வேண்டும், புது அதிகாரி அடுத்த வாரம்தான் வருகிறார், அதுவரை பேசாமல் சாயம் அடித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். அப்போதும் அவர் நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் கார்குழலி அழுதாள். அழுது முடித்ததும் ஒரு வைராக்கியம் வந்தது. வேலை போகிறதுதான் போகிறது, நன்றாக உடுத்திக்கொண்டாவது போவோம் என்று டெய்லர் ஜெயசீலனைத் தேடிப் போனாள். ஜெயசீலன் ஒரு தையல்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, ஆனால் வாய் பெரியது. அவளைச் சுற்றி இரண்டு தடவை பறந்து பார்த்தார்.

"நரை வந்தா வெளிறின கலரை எல்லாம் விட்டுரணும்மா. இப்பதான் உங்க முகத்துல வெளிச்சம் வந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல அழுத்தமா ஒரு நிறம் நிக்கணும்" என்றார்.

அரக்குக் கலரில் காட்டன் சேலை எடுக்கச் சொன்னார். மயில்கழுத்து நிறத்தில், கழுத்துக்குக் காலர் வைத்து, முழங்கை வரை பிளவுஸ் தைத்தார். கலைந்து கிடந்த முடியைக் கழுத்தோடு கத்தரிக்கச் சொன்னார். காதுக்குப் பெரிய வெள்ளி வளையம். கண்ணாடியில் பார்த்த கார்குழலி, எதிரில் நிற்பவளுக்கு வணக்கம் சொல்லப் போய்விட்டாள்.

பதிமூன்றாம் நாள் அந்த உடையில் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். எந்திரம் வழக்கம்போல முகம் பொருந்தவில்லை என்றது. ஆனால் பூதலிங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்தார். எழுந்தும் நின்றார். அன்றுதான் புது அதிகாரி வருவதாக இருந்தது.

"வாங்க மேடம்" என்றார்.

"சார், நான்..."

"சார்னு கூப்பிடாதீங்க மேடம், கூசுது" என்று சொல்லி அதிகாரி அறைக்கு அழைத்துப் போய் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். எந்திரம் தப்பாகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, அதன் வயரைப் பிடுங்கினார். கையெழுத்துக்குக் காத்திருந்த கோப்புகளைக் கொண்டுவந்து அடுக்கினார். மேலே இருந்தது கார்குழலியின் விண்ணப்பம்.

தப்பு என்று அவளுக்குத் தெரியும். இன்னும் இரண்டு நாளில் பெயர் நீங்கிவிடும் என்பதும் தெரியும். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் வெளியே பேச்சுக் கேட்டது. சாயம் போன சாம்பல் நிறச் சேலையில் ஒரு கருமந்தி வந்து, தன் பெயர் வேதநாயகி, தான்தான் புது அதிகாரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூதலிங்கம் சிரித்து, அதிகாரி உள்ளே இருக்கிறார், நீ வரிசையில் நில் என்றார். வேதநாயகியும் மூன்றாம் கவுன்டரின் முன்னால் போய் நின்றாள். அங்கேதான் யாருமே இல்லையே.

கார்குழலி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். பின்பக்கமாக ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் காலியான கவுன்டருக்கு முன்னால் ஒருத்தி கால் கடுக்க நிற்பதை இருபத்திரண்டு வருடப் பழக்கம் தாங்கவிடவில்லை. தானே போய் அவளை அறைக்குள் அழைத்து வந்து, கதவைச் சாத்தி, கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

வேதநாயகி கார்குழலியின் முடியையும் உடையையும் மாறி மாறிப் பார்த்தாள். காக்கையே கூசும் அளவுக்குக் கறுப்பான அவள் தலைமுடியின் ஓரத்தில், காதுக்குப் பின்னால் மட்டும், வெள்ளை எட்டிப் பார்த்தது.

"அந்த பிளவுஸ் எங்க தைச்சீங்க?" என்று கேட்டாள்.

டெய்லரின் விலாசத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, கார்குழலியின் கையெழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். விடுபட்ட வருகை எல்லாம் சேர்ந்தது. பூதலிங்கத்திடம் இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் வேதநாயகியும் வெள்ளியானாள். அவளுக்குக் கத்தரிப்பூ நிறம் நன்றாக எடுத்தது. யார் அதிகாரி, யார் மூன்றாம் கவுன்டர் என்று பூதலிங்கத்துக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு பேருக்குமே எழுந்து நிற்கிறார்.

நீதி: நரை வந்தால் அறிவு வரும் என்பார்கள். வராவிட்டால் கவலை வேண்டாம், நல்ல டெய்லர் போதும்.