இரண்டு மலைகளை இறக்கிய எக்காளம்

மறைந்து நின்று வாசிப்பவனால் தன் வாசிப்பின் விளைவைத் தான் காண இயலாது. கண்டிருந்தால் நான் முதல் ஊதலோடு நிறுத்தியிருப்பேன்.

இலங்கையில் இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒரு சிம்பொனி இசைக்குழு வைத்து, தாமே கோலசைத்து நடத்திவந்தார். (ஊரார் வாயில் அது ‘தொர பேண்டு’.) முதலில் அதில் வெள்ளைக்காரர் மட்டுமே இருந்தனர். அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலுக்கும் கப்பலுக்கும் போய்விடவே, காலியான நாற்காலிகளில் எங்களைப் போன்ற தோட்ட அலுவலகக் கிளாக்கர்மார் அமர்ந்தோம். நாளடைவில் துரைக்கு மேடைக் கச்சேரி அலுத்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் விருந்தினரை அமர்த்தி, வயலின்காரரை அவர்களிடையே நிறுத்தி, எதிர்மலையிலிருந்து ஓர் எக்காளம் மறுமொழி சொல்ல வேண்டும் என்றார். அந்த எக்காளம் என் கைக்கு வந்தது.

அப்போது பெரிய கிளாக்கரின் மகள் பிலோமினாவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். அவரோ, “மொதல்ல தம்பி ஊதுறதக் கேக்குறேன். பொறகு பேசுவோம்” என்று சொல்லிவிட்டார்.

கொழுந்து மிகுந்திருந்ததால் கச்சேரியன்றும் மலைகளில் பெண்கள் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. பாறையின் பின்னால் நின்று, உரிய இடம் வந்ததும் ஊதினேன். கொழுந்து நிறுக்க வரும்படி தோட்டத்தில் நாள்தோறும் கொம்பு ஊதுவதை நான் அறியாதவனல்லேன். என் பொன்னொலியை அந்த நெளிந்த பித்தளையோடு எவரேனும் ஒப்பிடுவர் என்றுதான் தோன்றவில்லை.

“கொம்பு ஊதியாச்சு! எறங்குங்க, எறங்குங்க!” என்று கங்காணி அந்தப் பெண்களிடம் கூவியதைப் பின்னரே அறிந்தேன்.

முற்றத்தில் கைதட்டல் எழவில்லை. கேட்கவில்லை போலும் என்று கன்னம் கிழிய மீண்டும் ஊதினேன். அடுத்த மலையும் இறங்கிற்று.

கீழே, நிறைந்த கூடைகளோடு பெண்கள் வயலின்களுக்கு நடுவே வரிசை கட்டினர். கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் தராசைத் தூக்கிவிட்டார்.

“தொர எதுக்குக்கா கம்ப ஆட்டுறாரு?”

“கூட எண்ணுறாரு. வரிசைய விட்டுறாதடி!”

இதுவும் துரையின் புதுமையே என்றெண்ணி விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினர். துரை தட்டவில்லை. மறுநாளே எக்காளத்தைப் பறித்துக்கொண்டு, என்னை நாற்காலி அடுக்கப் பணித்தார்.

கல்யாணமும் போயிற்று என்றிருந்தேன். பெரிய கிளாக்கர் என்னை அழைத்தார்.

“இத்தன வருசமா கத்துறேன் தம்பி, என் சத்தத்துக்கு ஒரு ஆளு நேரத்துக்கு வந்ததில்ல. நீங்க ஊதினதும் ரெண்டு மலை வந்துருச்சு. எம் மகளும் நான் சொன்னா கேக்குறதில்ல. நீங்க ஊதிப் பாருங்க.”

பிலோமினா மனைவியாக வந்தாள், சொன்னதைக் கேட்கத்தான் இல்லை. இன்றும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால், “அப்பா ஊதிட்டாரு, கூடய எடுங்க!” என்கிறாள். பிள்ளைகள் உண்மையாகவே கூடையோடு வந்து வரிசையில் நிற்கின்றனர்.