பாட்டுக்கும் ஆபீஸ் நேரம்

ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, பன்னிரண்டுக்குச் சாத்தி, சாப்பிட்டுத் தூங்கி, மூன்று மணிக்கு மறுபடி திறந்து, ஆறு வரைக்கும் பாட்டு எழுதியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் இருந்தார். ஐந்து நிமிடம் முன்னால் வந்தவர்களையும் வாசலிலேயே நிற்க வைப்பார். சாப்பாட்டு நேரத்தில் கற்பனை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுவும் வெளியிலதான் நிக்கும்" என்றார்.

அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறந்த குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் குமாஸ்தா. அதனால் முசே, பிரெஞ்சில் 'ஐயா'. பெயரை எழுதும்போதே அந்தக் குழந்தைக்கு ஒரு பல்லவியும் முணுமுணுப்பாராம். அதனால் பல்லவி. ஆக, முசே பல்லவி.

ஐம்பத்து நாலில் கொடி மாறியது. புதிய சர்க்காரில் நம் நாற்காலி நிலைக்குமா என்று மற்ற குமாஸ்தாக்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, இவர் நாற்காலியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இனிப் பாட்டு எழுதுவதுதான் உத்தியோகம் என்றார். அவர் மனைவி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"ஒரு வருசம் பாக்குறேன். அதுக்குள்ள நெலைக்கலன்னா நீங்க பழையபடி ஆபீசுக்குப் போவணும்" என்றார். இவரும் ஒப்புக்கொண்டார். அந்த வருஷம் வீடு ஓடியது அந்த அம்மாளின் தையல் மெஷினில்.

நான் அப்போது அதே தெரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முசே முதலில் அச்சடிக்கக் கொண்டுவந்தது பாட்டு அல்ல, பாரம். 'பாடல் கோருவோர் விண்ணப்பம்' என்று தலைப்பு. மணமகன் பெயர், மணமகள் பெயர், மாமியார் சுபாவம், வீட்டில் பாடக்கூடியவர் உண்டா, பாடாதே என்றால் கேட்கக்கூடியவர்தானா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். கடைசிக் கேள்வி: மெட்டு தங்களுக்கு மட்டுமா, பொதுவா? கீழே கையெழுத்து. பதிவேட்டுப் புத்தி அவரை விடவில்லை.

பாட்டு எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வார். என் குரலைக் கேட்டு அச்சகத்து முதலாளி ஒரு முறை மெஷினை நிறுத்தி எண்ணெய் போட்டிருக்கிறார். ஏன் என்னைப் போய்ப் பாடச் சொல்கிறீர்கள் என்றேன்.

"நல்லாப் பாடறவன் மோசமான பாட்டையும் காப்பாத்திடுவான். நீ பாடியும் நிக்குதுன்னா அதுதான் பாட்டு" என்றார்.

இரண்டு நாள் கோபித்துக்கொண்டு போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டேன். எனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, ஒரு வார்த்தையைக் கழித்துவிடுவார்.

ஆறு மாதம் யாரும் வரவில்லை. ஏழாவது மாதம் தவளக்குப்பம் சந்தையில் பல்பொடி விற்பவர் ஒருவர் வந்தார். முசே ஒரு காலை முழுவதும் அவர் கடையருகே நின்று, போகிறவர்கள் எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு நாலு வரி எழுதிக்கொடுத்தார். பதினைந்தே நாளில் ஊரே அதைப் பாடியது. வியாபாரி மட்டும் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். பாட்டு எல்லார் வாயிலும் இருக்கிறது, பொடிதான் டப்பாவிலேயே இருக்கிறது என்றார்.

முசே தன் தப்பை ஒப்புக்கொண்டார். பொடியின் பெயரைச் சொல்லாமல் யாரும் மூச்சுவிட முடியாதபடி பல்லவியை மாற்றிக் கொடுத்தார். பொடி விற்றது. அந்த வியாபாரி சொல்லிக் கல்யாண வீடுகள் வந்தன. கல்யாண வீடுகள் சொல்லி நாடகக் கம்பெனி வந்தது.

பதினோராவது மாதம் எங்கள் வட்டாரத்தில் தேர்தல். எதிரெதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களும் தனித்தனியே வந்து பாட்டுக் கேட்டார்கள். அந்த வாரம் அவர் கைவசம் நல்ல மெட்டு ஒன்றுதான் இருந்தது. இருவருக்கும் அதிலேயே எழுதிவிட்டார்.

இரண்டு ஊர்வலமும் கடைத்தெரு முனையில் சந்தித்துக்கொண்டன. மெட்டைத் திருடிவிட்டான் என்று இவர்கள் அவர்களையும், அவர்கள் இவர்களையும் பார்த்து முறைத்தார்கள். அதற்குள் வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்ததில், யார் யாருக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்பதே குழம்பிப்போய், இரண்டு கூட்டமும் ஒன்றாகத் திரண்டு முசே வீட்டுக்கு வந்தன. மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். அவர் நிதானமாக இரண்டு பாரங்களை எடுத்து நீட்டினார். கடைசிக் கேள்விக்கு இருவருமே 'பொது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கூட்டம் அடங்கியது. வேட்பாளர்களில் ஒருவர், எங்கள் இருவரில் யார் நல்லவர் என்றாவது சொல்லுங்கள் என்று மடக்கினார்.

"பாட்டு ரெண்டும் நல்லாருக்கு. ஆளுங்களப் பத்தி பாரத்துல கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். யார் ஜெயித்தார் என்பது எனக்கு நினைவில்லை. பாட்டு ஜெயித்தது.

வருஷம் முடிந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். மூன்று மணிக்கு முன்பே வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் மனைவி தையலை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். ஆபீஸ் பேச்சை எடுப்பார் என்று முசே தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவம், வெயில்ல நிக்கிறாங்க. முன்னால ஒரு கீத்துக் கொட்டா போட்டுடலாம்" என்றார் அந்த அம்மாள்.

முசே வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொட்டகை அறுபத்திரண்டிலும் இருந்தது. அந்த வருஷம், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் தெருவிலேயே சில குடும்பங்கள் பிரான்சுக்குப் பெட்டி கட்டின. முசேயும் போகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அச்சகத்தில் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் ஒரு மீன்கார அம்மாளுக்குப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணமாம்.

பிரான்சுக்குப் போகிறீர்களா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"நான் எங்க போறேன்? இந்தம்மா சம்பந்தி சண்டக்காரியான்னு இன்னும் கேக்கவே இல்ல" என்றார்.

அன்று நான் அச்சகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஆறு மணி அடித்து அவர் கதவைச் சாத்தும் வரை, எனக்கு எந்தப் பாட்டும் வேண்டியிராதபோதும், அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன்.