நல்லி எலும்பும் பல் கம்பியும்

கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்று தின்று மோகனூர் மயில்சாமிக்கு ஐம்பது வயதாகிவிட்டது. முன்பற்கள் தேய்ந்து பாதியாகிவிட்டன. அவர் சிரித்தால் ஈறுதான் சிரித்தது. மனைவி சௌந்திரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரை நாமக்கல் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

தேய்ந்த பல்லைக் கட்டி உயர்த்த இடமே இல்லை என்றார் டாக்டர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. முதலில் கம்பி போட்டுப் பல்லை நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டும். அப்புறம்தான் தேய்ந்ததைப் பூசி, மூடி போட்டு, பழைய உயரத்துக்குக் கொண்டுவர முடியும். அதுவரை கடினமான எதையும் கடிக்கக் கூடாது. முக்கியமாக எலும்பு. சொல்லிக்கொண்டே கம்பியையும் மாட்டிவிட்டார்.

மயில்சாமி காதில் விழுந்தது எலும்பு மட்டும்தான். கரும்பை விட்டுவிடலாம், முறுக்கை விட்டுவிடலாம். நல்லியை விட்டுவிட்டு மனுசன் எதற்காக உயிரோடு இருப்பது? சௌந்திரமோ அன்றிலிருந்து கறிக்குழம்பு வைப்பதையே நிறுத்திவிட்டாள். இட்லியும் ரசஞ்சோறும் தின்று மனுசன் இளைத்துப்போனார்.

அந்த நேரம் பார்த்து ராசிபுரத்துச் சிநேகிதர் சின்னண்ணன் குலசாமி கோயில் கெடா வெட்டுக்குக் கூப்பிட்டார். மயில்சாமி வீட்டில் மூச்சு விடவில்லை. அன்று காலையிலேயே வெள்ளை வேட்டியில் கிளம்பினார்.

"ஏனுங்க, இந்நேரத்துல எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"டாக்டர்கிட்டத்தான். கம்பி டைட்டு வெக்கோணும்னாரு."

"போய்ட்டு வாங்க. வாய நல்லாத் தொறந்து காட்டுங்க."

இவ்வளவு லேசாக நம்பிவிட்டாளே என்று பஸ்ஸில் அவளை நினைத்துப் பரிதாபம்கூடப் பட்டார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். ஆம்பளையை மட்டும் கெடா வெட்டுக்குக் கூப்பிடுகிற வழக்கம் அந்தச் சீமையிலேயே கிடையாது. சின்னண்ணன் மனைவி அங்காளம்மாள் முந்தின வாரமே சௌந்திரத்துக்குப் போன் போட்டு, ஊடு பூரா வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

பந்தியில் ஒரு மூலையாகப் பார்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் மயில்சாமி. சின்னண்ணன் வாளிக்குள் துழாவி, இருப்பதிலேயே பெரிய நல்லியாகக் கரண்டியில் எடுத்தார். மயில்சாமிக்குக் கண் கலங்கியது. நல்லி இலையைத் தொடும் முன்பே வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னும் கொஞ்சம் பெருசாத் தொறங்க."

பக்கத்து இலையில் பல் டாக்டர். அவருக்குப் பின்னால் ரச வாளியோடு சௌந்திரம்.

"டாக்டருங்க, இவருக்கு இன்னிக்குக் கம்பி டைட்டு வெக்கற நாளுங்களாமா," என்றாள் அவள், பந்திக்கே கேட்கும்படி. "உங்களத் தேடி அலையப் போறாரேன்னுதானுங்க உங்க கார்லயே உங்களக் கூட்டியாந்தேன்."

மயில்சாமி வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, பல் அழகாக நகர்கிறது, எலும்பை மட்டும் இன்னும் சில மாதம் மறந்துவிடுங்கள் என்றார். சௌந்திரம் சின்னண்ணன் கையைப் பிடித்துக் கரண்டியை டாக்டர் இலைக்குத் திருப்பினாள். மயில்சாமி இலையில் ரசம் விழுந்தது.

டாக்டருக்கு நல்ல பல். கடித்த சத்தம் கோயில் மணியைத் தாண்டிக் கேட்டது.