ஸ்கேல் அண்ணன் லைசென்ஸ் வாங்கப் போன கதை

ஏம்ப்பா, சிரிக்கத்தானே வந்து உக்காந்திருக்கீங்க? தாராளமா சிரிங்க. கல்யாணம் ஆனவன் மட்டும் சத்தமில்லாம சிரி. இன்னைக்கு ஸ்கேல் அண்ணன் வீட்டுல நடந்தது நாளைக்கு உன் வீட்டுலயும் நடக்கும். கல்யாணம் ஆகாதவன் கொஞ்சம் முன்னாடி வந்து உக்காரு. பாடமே உனக்குத்தான்.

எங்க கீழ் வீட்டு ஸ்கேல் அண்ணனைத் தெரியும்ல? சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, ஸ்கேல் இருக்கும். தலையணை உறை வாங்கப் போனாக்கூட அளந்து பார்த்துத்தான் வாங்குவார். தொழில், கட்டிடப் படம் வரையறது. எங்க தெருவைச் சுத்தி இருக்கிற பாதி கட்டிடம் அவர் கைல பிறந்ததுதான். ஆனா ஒண்ணுலயும் அவர் பேரு கிடையாது. பெத்தவர் இவர், இனிஷியல் முதலாளியோடது.

ஏன்னா, அண்ணனுக்கு லைசென்ஸ் இல்லை. காலேஜ்ல அஞ்சு வருஷம் படிச்சுட்டா ஆர்க்கிடெக்ட் ஆயிடலாம்னு நினைக்கிறீங்களா? பச்சைப்புள்ளைங்கப்பா நீங்க. அதுக்கப்புறம் லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒருத்தர் கீழ முதுகு வளைய ட்ரெயினிங் இருக்கணும். 'இவன் தேறிட்டான்'னு அவர் எழுதிக் கொடுக்கணும். அப்புறம் நாள் முழுக்க ஒரு பரீட்சை. அதுலயும் பொழைச்சு வந்தாத்தான் உங்க பேருக்கு ஒரு சீல். சீல் இல்லாம நீங்க மாட மாளிகையே வரைஞ்சு கொண்டு போனாலும், கட்டிட அனுமதி கொடுக்கிற ஆபீஸ்ல அதைப் பொட்டலம் மடிக்கக்கூட வாங்க மாட்டான். அண்ணன் ட்ரெயினிங் வரைக்கும் தாண்டினவர். பரீட்சைக்குப் பணம் கட்டற நேரம் வந்தாத்தான் வருஷா வருஷம் ஒரு காய்ச்சல் வந்துடும்.

இப்படி ஓடிக்கிட்டிருந்த வண்டி, ஒரு பல்லுல முட்டிக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் பல் பிடுங்கப் போனார். பல் டாக்டரம்மா வாயில கொறடு விட்டுக்கிட்டே கேட்டாங்க:

"புது கிளினிக் கட்டணும். நீங்கதான் வரையணும், சரியா?"

"ஆ."

"வேற யாரையும் தேடி அலைய எனக்கு நேரமில்லை. சீல், கையெழுத்து எல்லாம் நீங்களே போட்டுடுவீங்கல்ல?"

வாய் நிறைய பஞ்சு. உண்மை வெளிய வர வழியில்லை. தலை மட்டும் மேலயும் கீழயும் ஆடிடுச்சு.

கன்னம் வீங்கி, நெஞ்சு அதைவிட வீங்கி, நேரா முதலாளிகிட்ட போனார். "இனிமே என் கட்டிடத்துக்கு என் கையெழுத்து! நான் வேலையை விடறேன்!" கூரை அதிர்ந்துச்சு. முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "சந்தோஷம் தம்பி. போறப்ப ஃபேனை அணைச்சுட்டுப் போ."

வீட்டுல அண்ணி அடுப்படியில நின்னாங்க. இந்த இடத்துல அண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ். அண்ணன் கடைசி பெஞ்சு, அண்ணி முதல் பெஞ்சு. அண்ணியும் ட்ரெயினிங் முடிச்சவங்கதான். கல்யாணம், குடித்தனம்னு பரீட்சை தள்ளிப் போயி, இப்ப ஒரு மரச்சாமான் கம்பெனியில அலமாரி வரைஞ்சுக்கிட்டிருக்காங்க.

"வேலையை விட்டுட்டேன்."

கரண்டி அந்தரத்துல நின்னுச்சு. "எதை விட்டீங்க?"

"வேலையை."

"அடப் பாவி மனுஷா! யாரைக் கேட்டு?"

"லைசென்ஸ் வாங்கப் போறேன்டி. கிளினிக் வேலை கைல இருக்கு. பரீட்சை முடியற வரைக்கும் இந்த வீட்டுல ஈ பறக்கக்கூடாது. பறந்தாலும் றெக்கைச் சத்தம் கேக்கக்கூடாது."

"விண்ணப்பம் போட்டாச்சா?"

"அதெல்லாம் உன் டிபார்ட்மெண்ட்."

"சரி. அப்படியே நானும் எழுதிப் பாக்கட்டுமா?"

அண்ணன் சிரிச்ச சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டுச்சு. "நீயா? ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும்மா. ரெண்டு சீலை வெச்சுக்கிட்டு என்ன, தாளம் போடப் போறோமா?"

அண்ணி ஒண்ணும் சொல்லலை. இதைக் கவனிங்கப்பா. பொண்டாட்டி திட்டினா பயப்படாதே. பேசாம இருந்தாளா? ஊரை விட்டு ஓடிடு.

படிப்பு ஆரம்பமாச்சு. படுக்கையறை அண்ணனுக்கு. அண்ணி கூடத்துல பாய். புத்தகத்தைத் திறந்தா அண்ணனுக்குக் கண்ணு மூடிக்கும். ரெண்டுக்கும் ஒரே கீல் போல. அதனால அண்ணி பக்கத்துல உக்காந்து கேள்வி கேப்பாங்க.

"சக்கர நாற்காலி போற சாய்தளம். ஒரு அடி உயரம் ஏறணும். எவ்வளவு நீளம் விடுவீங்க?"

"நாலு அடி."

"அது சாய்தளமில்லைங்க, சறுக்குமரம். ஏறப் போனவன் தெருவுலதான் போய் நிப்பான். பன்னெண்டு அடி வேணும்."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

இந்த ஒரு பதிலைத்தான் அண்ணன் கடைசி வரைக்கும் மனப்பாடமா வெச்சிருந்தார்.

பரீட்சை நாள். புதுச் சட்டை, புது பென்சில், பழைய ஸ்கேல். அண்ணி வாசல் வரைக்கும் வந்து, "தைரியமா போங்க"ன்னாங்க. ஹால் வாசல்ல அண்ணன் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டுச்சு! அத்தனையும் மீசை முளைக்காத பசங்க. எல்லாரும் ஏதோ கணக்கை முணுமுணுக்கிறானுங்க. ஒருத்தன் அண்ணன்கிட்ட வந்து பணிவா சொன்னான்: "சார், பசங்களைக் கொண்டுவந்து விட்டவங்க இந்தப் பக்கம் உக்காரலாம்."

அண்ணன் ஸ்கேலை எடுத்து உள்பையில ஒளிச்சுக்கிட்டார். மணி அடிச்சுச்சு. கூட்டம் உள்ள போச்சு. அண்ணன் வெளிய போனார். எதிர்ல ஒரு சலூன். முடி வெட்டினார். சவரம் பண்ணினார். அப்பவும் நேரம் மிச்சம். முகத்துக்கு என்னமோ பூசச் சொல்லிப் படுத்துக்கிட்டார். தூங்கி எழுந்து பார்த்தா ஹால்ல கடைசி மணி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, பின்னாடியே அண்ணியும் தோள்ல பையோட வந்தாங்க. கம்பெனியிலிருந்து வர்றாங்கன்னு அண்ணன் நினைப்பு.

"எப்படி இருந்துச்சு?"

"பிச்சு உதறிட்டேன்!"

"முகம் பளபளன்னு இருக்கே?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்வி. அந்தத் தெளிவு."

"பவுடர் வாசனை வேற வருது."

"ஏசி ஹால். என்னத்தையோ அடிச்சு வெச்சிருக்கான்."

"பெரிய கேள்வி என்ன வந்துச்சு?"

"ஆஸ்பத்திரி! அம்பது படுக்கை!"

"அடேங்கப்பா. ஆபரேஷன் பண்ற ரூமை எங்க வெச்சீங்க?"

"வாசல்லயே. வந்தவன் அலையக்கூடாது பாரு."

"பிணவறை?"

"அதுக்குப் பக்கத்து ரூம். அங்கயும் அலையக்கூடாது."

அண்ணி பையை இறக்கி வெச்சாங்க. ஒரு சொம்பு தண்ணி குடிச்சாங்க. நிதானமா வாயைத் துடைச்சாங்க.

"ஆஸ்பத்திரி வரலைங்க. மேட்டு நிலத்துல ஒரு பள்ளிக்கூடம்தான் வந்துச்சு."

"உனக்கு... உனக்கு யாரு சொன்னா?"

"கேள்வித்தாள்தான் சொல்லுச்சு. நானும் எழுதினேன்ல."

பேயறைஞ்ச மாதிரின்னு சொல்வாங்களே. அண்ணனை அன்னைக்குப் பேய் சும்மா அறையலை. ஒரு கன்னத்துல அறைஞ்சுட்டு, மறு கன்னத்தையும் கேட்டு வாங்குச்சு.

"எங்க... எங்க உக்காந்திருந்தே?"

"உங்களுக்குப் பக்கத்துல. ரெண்டு விண்ணப்பத்தையும் ஒண்ணாத்தானே போட்டேன், அடுத்தடுத்த நம்பர் வந்துடுச்சு. இப்ப வருவார், இப்ப வருவார்னு கதவையே பார்த்தேன். அப்புறம் உங்க நாற்காலியில என் பையை வெச்சுக்கிட்டேன். ரொம்ப சௌகரியமா இருந்துச்சு."

அண்ணன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார்.

"ஹால்ல இன்னொண்ணும் சொன்னாங்க. பணம் கட்டிட்டு வராதவங்க, மறுபடியும் லைசென்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட ஒரு வருஷம் ட்ரெயினிங் இருந்துட்டுத்தான் எழுதணுமாம்."

"ஒரு வருஷமா! நான் முதலாளிகிட்ட சவால் விட்டுட்டு வந்திருக்கேன்டி! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"இந்தப் பளபள மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான்."

போனார். முதலாளி, "உன் சீட்டுல புதுப் பையன் வந்துட்டானேப்பா"ன்னார். நாலஞ்சு ஆபீஸ் ஏறி இறங்கினார். எங்கயும் காலியில்லை. இதுக்கு நடுவுல ரிசல்ட் வந்துச்சு. அண்ணி தேறிட்டாங்க. சீலும் வந்துச்சு. பளிச்னு, அண்ணி பேரோட.

ஒரு நாள் காலையில பல் டாக்டரம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. மேஜை மேல கிளினிக் படம் விரிஞ்சு கிடக்கு. அண்ணன் குனிஞ்சு கோடு போடறார். அண்ணி நாற்காலியில உக்காந்து, சிவப்புப் பென்சிலால அதை அடிச்சுத் திருத்தறாங்க.

"அப்ப கையெழுத்து?"

அண்ணன் மோவாயால பொண்டாட்டியைக் காட்டினார்.

டாக்டரம்மாவுக்கு ஒரே குழப்பம். "அப்ப சார் யாரு?"

அண்ணி நிமிராமலே சொன்னாங்க: "சாரா? எங்கிட்ட ட்ரெயினிங்ல இருக்கார். ஒழுங்கா இருந்தா வருஷக் கடைசியில எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன்."

என்னை ஏம்ப்பா அப்படிப் பார்க்கறீங்க? சரி, சொல்லிடறேன். அண்ணன் கீழ குறட்டை விட்ட நேரமெல்லாம், மொட்டை மாடியில உக்காந்து அண்ணிக்குக் கேள்வி கேட்டவன் நான்தான்.